கடல் கடந்த பணமும் அது மீளும் வழியும்

கடல் கடந்து பொருள் போதலும் வருதலும் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் நடுவுநிலை பிறழாது வாணிகம் செய்தனர் எனப் பட்டினப்பாலை கூறுவதை நாம் வகுப்பிற் பயின்றிருக்கின்றோம். முசிறித் துறைக்கும் எகிப்து நாட்டிற்கும் இடையே நிகழ்ந்த வாணிகத்தைப் பற்றிய கடனொப்பந்தம் ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிற்குரியது, கிரேக்க மொழியிற் பாப்பிரசுத் தாளில் எழுதப்பெற்று இன்றும் வியன்னா நகரிற் காக்கப்பட்டு வருகின்றது. கடன் உரிய நாளில் தீராதாயின் ஈடாக வைத்த சரக்கைக் கடன் கொடுத்தோர் கைக்கொள்ளலாம் என்பது அதன்கண் கண்ட உடன்பாடுகளுள் ஒன்று. கடல் இடைப்பட்ட வாணிகத்திற்கு வாய்ச்சொல் மட்டும் போதாது. ஈடும் எழுத்தும் வேண்டும் என்பதை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஆயின் அவ்வாணிகத்திற்கும் இக்காலத்து இணைய வாணிகத்திற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அங்காடியில் நின்று வாங்குவோர் பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் எடுத்து நோக்கி, நிறையும் அளவும் பார்த்து, அதன் பின்னரே விலையைக் கொடுப்பர். இணையக் கடையில் இம்முறை தலைகீழாகின்றது. பணம் முந்துகின்றது, பொருள் பிந்துகின்றது. விடுதி அறையில் இருக்கும் மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து ஒரு நூலையோ சீனத்திலிருந்து ஒரு ஹெட்போனையோ வரவழைக்க விரும்பினால், அப்பொருள் அந்நாட்டை விட்டுப் புறப்படும் முன்னரே அவர் பணம் விற்போர் கையைச் சேர்ந்துவிடுகின்றது. பின்னர்ப் பொருள் வாராதொழியினும், உடைந்து வரினும், சொன்னது ஒன்றும் வந்தது பிறிதொன்றுமாக இருப்பினும், பணம் அவரிடத்தும் மனக்குறை நம்மிடத்தும் தங்கிவிடுகின்றன. அப்பணத்தை மீட்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இது மிகச் சிறிய பொருளன்றோ, கல்லூரி மலரில் வைத்து ஆராய்தற்கு உரியதோ என்று சிலர் வினவலாம். தொகை சிறிதாயிருத்தலே இதன் கொடுமைக்குக் காரணம் என்பது நம் விடை. இரண்டாயிரம் ரூபாயை மீட்பதற்கு வேற்று நாட்டு நீதிமன்றத்தின் படியேறுவார் எவருமிலர். ஏறுவாராயின் வழிச்செலவே அத்தொகையைப் பன்மடங்கு விஞ்சும். இதனை நன்கறிந்த தீய வணிகர் தொலைவு என்னும் கோட்டைக்குள் இருந்துகொண்டு பலரிடமும் சிறுசிறு தொகையைக் கவர்கின்றனர். இழந்தோர் ஒவ்வொருவரும் ‘போனது போகட்டும்’ என்று வாளாவிருப்பின், அவ்வமைதியே அவ்வணிகருக்கு முதலாகின்றது. பொருளுடையார்க்கு இவ்விழப்பு ஒரு பொருட்டன்று. பல திங்கள் சிறுகச் சேர்த்து ஒரு நூலை வாங்கிய மாணவர்க்கோ அஃது ஒரு பருவத்தின் படிப்பையே தடுக்கக்கூடும்.

எனவே இவ்வாராய்ச்சியில் நாம் நிறுவ விரும்புவது ஒன்றே. கடலுக்கு அப்பால் இருப்பவரை எத்துணை வேண்டினும் பணம் மீளுமென்னும் உறுதியில்லை. கடலுக்கு இப்பால், வாங்குவோர் வாழும் நாட்டிலேயே, அப்பணத்திற்குப் பொறுப்பேற்கத் தக்கார் ஒருவர் இருப்பாராயின் அது மீளும். அத்தகைய பொறுப்பாளரை உண்டாக்குவதற்கு நாடுகள் செய்த முயற்சிகளையும், அவற்றிலிருந்து வாங்குவோர் கற்கத்தக்க பாடங்களையும் இனி முறையே காண்போம்.

குறையின் வகைகள்

பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு எழும் காரணங்கள் மூவகைப்படும். பொருள் வாராமை ஒன்று. வந்த பொருள் பழுதுற்றோ விளம்பரத்திற் கூறியதற்கு மாறாகவோ இருத்தல் மற்றொன்று. பொருளில் யாதொரு குறையுமின்றி வாங்கியவர் தம் மனம் மாறுதல் மூன்றாவது. இம்மூன்றனையும் ஒன்றாகக் கருதி மயங்குதல் பலருக்கும் இயல்பு. முதலிரண்டும் விற்போர் தவற்றால் நேர்வன. ஆதலின் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டங்களும் அவற்றிற்குத் தீர்வு கூறுகின்றன. மூன்றாவது வாங்கினோர் விருப்பத்தைப் பற்றியது. ஆதலின் அது சில நாடுகளில் உரிமையாகவும், சில நாடுகளில் விற்போர் காட்டும் சலுகையாகவும் இருக்கின்றது. தம் குறை எவ்வகையினது என்பதைத் தெளியாது எழுதும் முறையீடு, நோயைக் கூறாது மருந்தை வேண்டுதல் போல்வதாம்.

மனம் மாறுதலை உரிமையாக்கியோருள் ஐரோப்பியர் தலைசிறந்தவர். ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் வகுத்த நுகர்வோர் உரிமைச் சட்டவிதிகள் 2014 ஜூன் 13 முதல் நடைமுறைக்கு வந்தன. இணையத்தின் வழியாகப் பொருள் வாங்கிய நுகர்வோர், பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள், காரணம் யாதும் கூறாமலே வாங்குதலைக் கைவிடலாம். அவ்வாறு அறிவித்த 14 நாட்களுக்குள் விற்போர், முதலில் அனுப்பிய சாதாரண அஞ்சற்கூலியோடு விலையைத் திருப்பித் தருதல் வேண்டும். பொருள் திரும்பி வரும் வரையிலோ, அனுப்பியதற்குச் சான்று காட்டும் வரையிலோ பணத்தை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமையுண்டு. திருப்பியனுப்பும் செலவு வாங்கியோரதே என முன்னரே தெரிவித்திருப்பின் அதனை அவரே ஏற்றல் வேண்டும். இவ்வுரிமை உண்டு என்பதையே விற்போர் மறைத்திருப்பாராயின், அதன் காலம் மேலும் 12 திங்கள் நீளும். ஒருவர்க்கென்றே அளவெடுத்துச் செய்த பொருள், விரைவிற் கெடும் பொருள் முதலியன இதற்கு விலக்கு. இங்கிலாந்திலும் இத்தகைய விதிகளே 2013ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றன. அந்நாடு ஒன்றியத்தினின்றும் விலகிய பின்னரும் அவை நிலைத்துள்ளன.

கண்ணாற் காணாது வாங்கியோர்க்குக் கண்டபின் எண்ணிப் பார்க்கச் சில நாட்கள் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை. பணம் முந்திப் பொருள் பிந்தும் வாணிகத்தில் இழந்துபோன அங்காடிக் காட்சியைச் சட்டம் இவ்வாறு மீட்டுத் தருகின்றது. எனினும் இவ்வுரிமை அந்நாட்டு நுகர்வோரைக் கருதி எழுந்தது. அயல்நாட்டார் ஒருவர் அங்குள்ள கடையில் வாங்கினமையாலேயே இவ்வுரிமை தமக்கும் தானே வந்தெய்தும் என்று துணிந்துவிடலாகாது. அவர் முதற்கண் நோக்கத்தக்கது அக்கடை தன் விதிகளில் அயல்நாட்டாருக்குக் கொடுத்துள்ள வாக்கே.

தொலைவுக் கோட்டை தகர்ந்த வழக்கு

விற்போர் தம் விதிகளில் ‘பணம் திரும்பத் தரப்படமாட்டாது’ என்று எழுதிவைப்பாராயின் யாது செய்வது? அன்றியும், ‘இவ்வொப்பந்தத்திற்கு எம் நாட்டுச் சட்டமே உரியது’ என்று மற்றொரு விதியும் எழுதுவாராயின், வாங்குவோர் நாட்டுச் சட்டம் வலியிழந்து போமோ? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. அதனைச் சிறிது விரித்துக் கூறுதல் இங்குப் பொருத்தமாம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வால்வ் என்னும் நிறுவனம் ஸ்டீம் என்ற பெயரால் கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்று வருகின்றது. ஆஸ்திரேலியாவில் மட்டும் அதற்கு ஏறத்தாழ 22 இலட்சம் கணக்குகள் இருந்தன. வாங்கியோர்க்குப் பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்னும் கருத்துப்பட அந்நிறுவனத்தின் விதிகள் எழுதப்பட்டிருந்தன. 2011 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டமோ, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்கும் என்னும் உறுதியை ஒவ்வொரு விற்பனையிலும் தானே புகுத்துகின்றது. பெருங்குறை நேர்ந்தால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் அளிக்கின்றது. எவ்வொப்பந்தத்தாலும் அவ்வுறுதியை நீக்கலாகாது என்றும் கூறுகின்றது. ஆகவே, இல்லாத நிலையை உள்ளதுபோற் காட்டி நுகர்வோரை மயக்கியதாக, அந்நாட்டுப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

நிறுவனம் எடுத்துரைத்த மறுப்புகள் மூன்று. தான் ஆஸ்திரேலியாவில் வாணிகம் நடத்தவில்லை என்பது முதலாவது. ஒப்பந்தத்திற்குரிய சட்டம் வாஷிங்டன் மாநிலச் சட்டமே என்பது இரண்டாவது. தான் வழங்கியது ‘பொருள்’ எனப்படாது என்பது மூன்றாவது. 2016 மார்ச்சுத் திங்களில் நீதிபதி எடல்மன் இம்மூன்றனையும் ஏற்க மறுத்தார். அந்நாட்டில் இலட்சக்கணக்கான கணக்குகளை வைத்துக்கொண்டும், விளையாட்டுகளை விரைந்து அனுப்புதற்கெனச் சர்வர்க் கணினிகளை அங்கேயே நிறுவிக்கொண்டும், அவை இருக்கும் இடத்திற்குத் திங்கள்தோறும் பணம் செலுத்திக்கொண்டும் இருப்பவர் அங்கே வாணிகம் நடத்தவில்லை என்று கூறுதல் பொருந்தாது. கணினி மென்பொருளும் பொருளே என அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது. ஒப்பந்தத்திற்குரிய சட்டம் பிறநாட்டதாக இருப்பினும், நுகர்வோர்க்கு ஆஸ்திரேலியச் சட்டம் அளிக்கும் உறுதிகள் அதனால் அழிந்துபடா.

அவ்வாண்டு டிசம்பரில் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2017 டிசம்பரில் முழு ஆயம் அதனைத் தள்ளியது. நாட்டின் தலைமை நீதிமன்றத்தை அடைய அது வேண்டிய இசைவும் 2018 ஏப்ரலில் மறுக்கப்பட்டது. இதற்கிடையே, 2015 ஜூன் திங்களில் அந்நிறுவனம் உலகிலுள்ள தன் வாடிக்கையாளர் அனைவர்க்கும், வாங்கிய 14 நாட்களுக்குள்ளும் இரண்டு மணிநேரத்திற்கு மேல் விளையாடாமலும் கேட்போர்க்குப் பணம் திருப்பித் தரப்படும் என்னும் புதிய முறையை வகுத்தது.

இவ்வழக்கினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. விற்போர் எழுதிய விதி சட்டத்தின் கடைசிச் சொல் அன்று என்பது ஒன்று. ‘திரும்பத் தரப்படமாட்டாது’ என்னும் தொடரைக் கண்ட மாத்திரத்தே நம்பிக்கை இழந்து கைவிடுவோர் பலர். அத்தொடர்தானே சட்டத்திற்கு மாறான பொய்யுரையாக இருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணுவதில்லை. இலட்சக்கணக்கானோர்க்குரிய அச்சிறு தொகைகளுக்காக ஒரு பொது ஆணையம் வாதாட நேர்ந்தது என்பது மற்றொன்று. வாங்கிய ஒருவர் தம் செலவில் கடல் கடந்த நிறுவனத்தோடு நான்கு ஆண்டுகள் வழக்காடுதல் இயலுமோ? பலருடைய சிறு குறைகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டமையாலன்றோ அக்கோட்டை தகர்ந்தது!

நம் நாட்டின் நிலை

இனி, நம் நாட்டில் இருந்துகொண்டு வேற்று நாட்டுக் கடையில் வாங்குவோர் நிலையை நோக்குவோம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி முறையீட்டாளர், எதிர்த்தரப்பினர் வாழும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்கிற்குரிய காரணம் தோன்றிய இடத்திலோ மனுச் செய்தல் வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டம், முறையீட்டாளர் தாம் வாழும் அல்லது தொழில் செய்யும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்று விரித்தது. இது சிறு மாற்றம் போலத் தோன்றினும் பெரும்பயன் உடையது. வழக்கு வாங்குவோர் வாயிலுக்கே வந்துவிட்டது. அன்றியும், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்பெறாத நிறுவனமாயினும் இந்திய நுகர்வோர்க்கு ஒழுங்காகத் தொடர்ந்து பொருளோ சேவையோ விற்க முன்வருமாயின், அதனையும் கட்டுப்படுத்தும் என்று கூறுகின்றன. மின்வணிக நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்துதல் வேண்டும். அவர் முறையீட்டைப் பெற்றதனை 48 மணிநேரத்துள் ஒப்புக்கொண்டு, ஒரு திங்களுக்குள் தீர்த்து வைத்தல் வேண்டும். நுகர்வோர் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தும் தம் குறையைத் தெரிவிக்கலாம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. நம் ஊர் ஆணையம் நமக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தாலும், விற்போர்க்கு இந்நாட்டில் அலுவலகமோ சொத்தோ இல்லையாயின் அத்தீர்ப்பை நிறைவேற்றுதல் அரிது. இந்நாட்டிற் கிளையுடைய பெருநிறுவனங்களுக்கு இச்சட்டம் வலிய கருவி. முகவரியும் அறியப்படாத சிறு கடைகளுக்கு அது போதிய கருவியன்று. அத்தகைய இடத்தில் உதவுவது யாதெனின், பணம் சென்ற பாதையேயாகும்.

பணம் சென்ற பாதை

வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே கடல் கிடப்பினும், வாங்குவோர்க்கும் அவர்தம் வங்கிக்கும் இடையே தெரு ஒன்றே கிடக்கின்றது. கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையின் வழியே விலை கொடுத்தபோது, அப்பணத்தை விற்போர்க்குச் சேர்ப்பித்தவர் வங்கியாரே. ஆகலின் அவரையும் பொறுப்பாளர் ஆக்குதல் முறையென்று சில நாடுகள் துணிந்தன.

இங்கிலாந்தின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவில், 100 பவுனுக்கு மேற்பட்டு 30,000 பவுனுக்கு மேற்படாத விலையுள்ள பொருளைக் கடன் அட்டையால் வாங்கியவர், விற்போர்மீது தமக்குள்ள உரிமையை அட்டை வழங்கிய வங்கியின்மீதும் செலுத்தலாம் என்று விதித்தது. இவ்விதி உள்நாட்டு விற்பனைக்கே உரியதென வங்கிகள் வாதிட்டன. வழக்குப் படிப்படியாக உயர்ந்து பிரபுக்கள் சபையை அடைந்தது. வேற்று நாட்டில் வாங்கிய பொருளுக்கும் அப்பொறுப்பு உண்டு என 2007 அக்டோபரில் அச்சபை தீர்ப்பளித்தது. அயல்நாட்டு விற்போர் ஓடி மறைந்தாலும் உள்நாட்டு வங்கி மறைதல் இயலாது. நாம் மேலே கூறிய ‘கடலுக்கு இப்பாற் பொறுப்பாளர்’ என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டா.

அமெரிக்காவிலும் அதே 1974ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, பொருள் வந்து சேராமை முதலிய கணக்குப் பிழைகளைக் கணக்கோலை அனுப்பப்பெற்ற 60 நாட்களுக்குள் எழுத்தால் தெரிவிப்போர்க்கு, வங்கியார் ஆராய்ந்து விடைதரக் கடமைப்பட்டவர் எனக் கூறுகின்றது. இத்தகைய தனிச் சட்டம் இல்லாத நாடுகளிலும் விசா, மாஸ்டர்கார்டு முதலிய அட்டை வலையமைப்புகள் தம்முள் வகுத்துக்கொண்ட விதிகள் உண்டு. அவ்விதிகளின்படி வாங்கியோர் தம் வங்கியில் முறையிட, வங்கி விற்போருடைய வங்கியினின்றும் பணத்தைத் திரும்பக் கேட்கும். இதனைச் சார்ஜ்பேக் என்பர். இது சட்டம் தரும் உரிமையன்று. வலையமைப்பின் விதி தரும் வழியேயாம். பெரும்பாலான குறைகளுக்கு இதன் கால எல்லை 120 நாட்கள். விற்போர் தம் சான்றுகளைக் காட்டி மறுப்பதற்கும் இடமுண்டு. ஆகலின் சான்றுடையார் பக்கமே வெற்றி சாரும். பேபால் போன்ற இடைநிலையார் வழியே பணம் செலுத்தியவர் 180 நாட்களுக்குள் அவ்விடத்தே முறையீட்டைத் தொடங்கலாம்.

இதனால் பெறப்படும் பாடம் ஒன்று. பணத்தை மீட்கும் முயற்சி, பொருள் பழுதுற்ற அன்று தொடங்குவதன்று. பணம் செலுத்தும் முறையைத் தேர்ந்துகொண்ட அன்றே தொடங்கிவிடுகின்றது. ஓரளவு அறியப்படாத கடையொன்று அட்டையை ஏற்க மறுத்து, நேரே தன் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்புமாறு வேண்டுமாயின், பாதையிற் பொறுப்பாளர் எவரும் இல்லாதபடி அது செய்கின்றது என்பதை உணர்ந்து அக்கடையை விட்டு விலகுதலே அறிவுடைமை.

மூன்று கைகளில் பிரிந்த பணம்

பணம் மீளும்போது அது குறைந்து மீளுதலைக் கண்டு பலர் திகைப்பர். வேற்று நாட்டுப் பொருளுக்கு நாம் கொடுத்த பணம் ஒரே கையிற் சேர்வதில்லை. விலை விற்போரிடம் செல்கின்றது. ஏற்றுகூலி சுமப்போரிடம் செல்கின்றது. சுங்கத் தீர்வை அரசினிடம் செல்கின்றது. விற்போர் தாம் பெறாத தீர்வையைத் திருப்பித் தாரார். பழுதுற்ற பொருளை மீண்டும் ஏற்றுமதி செய்வோர் தீர்வையை மீட்டுக்கொள்ள 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் காலவரையறையும் காட்டத்தக்க சான்றுகளும் பலவாதலின் சிறு பொருளுக்கு அவ்வழி பெரிதும் பயன்படுவதில்லை.

நாணயமாற்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு டாலர் 85 ரூபாயாக இருந்த நாளில் 50 டாலர் கொடுத்தவர் 4,250 ரூபாய் இழந்தார். அது திரும்பும் நாளில் டாலர் 83 ரூபாயாக இருப்பின் அவருக்கு 4,150 ரூபாயே வந்து சேரும். விற்போரோ 50 டாலரையும் குறையாது கொடுத்தவரே ஆவர். வங்கி மாற்றுக்கூலியாகக் கொண்ட தொகை பெரும்பாலும் திரும்புவதில்லை. இவற்றை முன்னரே அறிந்தவர், விற்போர்மீது வீண்பழி சுமத்தாமலும், தமக்கு நியாயமாக உரிய தொகையை விட்டுக்கொடாமலும் நடப்பர்.

வாங்குவோர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றைச் செயலிற் கொண்டுவரும் முறையைச் சுருங்கச் சொல்வோம். வாங்கும் முன், விற்போருடைய முகவரி எந்நாட்டில் உள்ளது என்பதை அவர்தம் விதிகளிற் காண்க. கடையின் இணையப் பெயர் இன்ன நாட்டதுபோல் முடிவதனாலேயே கடையும் அந்நாட்டில் உள்ளது என்று கொள்ளற்க. திருப்பியனுப்பும் கூலி யாருடையது, எந்நாட்டிற்கு அனுப்புதல் வேண்டும் என்பவற்றையும் காண்க. கூலி விலையினும் மிகுமாயின் அவ்வாக்குறுதி பெயரளவினதே. பொருளின் விளம்பரப் பக்கத்தையும் விதிகளையும் அன்றே படமெடுத்து வைத்தல் நலம். பின்னாளில் அவை மாறிவிடக்கூடும்.

பொருள் வந்ததும் கட்டைப் பிரிக்கும்பொழுதே படமெடுத்துக்கொள்க. குறை கண்டவழி அன்றே விற்போர்க்கு எழுதுக. தொலைபேசியிற் பேசுவது காற்றிற் கலந்துபோம், எழுத்தே நிற்கும். அம்மடலில் ஐந்து செய்திகள் அமைதல் வேண்டும்: ஆணை எண்ணும் நாளும், கொடுத்த தொகை, கண்ட குறை, வேண்டுவது பணமோ மாற்றுப் பொருளோ என்பது, விடையை எதிர்பார்க்கும் நாள். இவற்றின்மேற் கடுஞ்சொல் ஒன்றும் வேண்டா. சினம் பொங்கும் நெடுமடலினும் சான்று நிறைந்த குறுமடலே வலிமை மிக்கது.

விற்போர் சிலர் கையாளும் சூழ்ச்சிகளையும் அறிதல் வேண்டும். ‘இன்னும் பத்து நாள் பொறுத்திருங்கள்’ என்று திரும்பத் திரும்பக் கூறி, முறையீட்டிற்குரிய காலத்தைக் கழியவிடுதல் ஒன்று. ‘வங்கியில் கொடுத்த முறையீட்டை விலக்கிக்கொள்ளுங்கள், உடனே பணம் அனுப்புவோம்’ என்று கூறி விலக்கச் செய்தபின் வாயடைத்திருத்தல் மற்றொன்று. ஐந்திலொரு பங்கைக் கொடுத்து முழுவதற்கும் ஈடாக ஏற்கச் செய்தல் பிறிதொன்று. பணம் கணக்கிற் சேர்ந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே முறையீட்டை விலக்குதல் தக்கது.

விற்போர் குறித்த நாளில் விடை தாராராயின், மடல்களையும் படங்களையும் சேர்த்து வங்கிக்கு எழுதுக. வங்கி 30 நாட்களுக்குள் விடை தாராதாயினும், தந்த விடை நிறைவு தாராதாயினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். நுகர்வோர் உதவி மையம், நுகர்வோர் ஆணையம் என்பன அதற்கு மேலுள்ள படிகள். எல்லை கடந்த வணிகக் குறைகளைத் தொகுப்பதற்கெனப் பல நாட்டு நுகர்வோர் காப்பு அமைப்புகள் கூடி 2001ஆம் ஆண்டில் ஈகன்ஸ்யூமர் என்னும் இணைய வாயிலைத் தொடங்கின. அங்கு எழுதுவதால் ஒருவர்தம் பணம் நேரே மீளாது; ஆயின் அம்முறையீடு அதிகாரிகளின் கண்ணிற்படும். ஒரே கடையைப் பற்றிப் பலர் எழுதுங்கால் அதுவே நடவடிக்கைக்கு வித்தாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வேற்று நாட்டு விற்போர்பாற் சென்ற பணம் மீளுதற்கு விற்போர் கொடுத்த வாக்கும், அரசு இயற்றிய சட்டமும், பணம் சென்ற பாதையில் நிற்கும் வங்கியும் என மூன்று வழிகள் உண்டென்பதும், இவற்றுள் நமக்கு அண்மையில் உள்ளதே விரைந்து பயன்தரும் என்பதும் விளங்கும். புகார் நகரத்து வணிகரின் நடுவுநிலை எல்லா வணிகரிடத்தும் அமையுமாயின் இவற்றுள் ஒன்றும் வேண்டப்படாது. அஃது அமையாத இடத்தில், முசிறி ஒப்பந்தத்தை எழுதினோரைப் போல ஈட்டையும் எழுத்தையும் துணைக்கொள்ளுதலே தக்கதாம்.

இன்னும் ஒன்று கூறி அமைகின்றோம். தமக்குரிய சிறு தொகையைக் கேட்டுப் பெறுதலைச் சிலர் இழிவென்றும் கருமித்தனம் என்றும் எண்ணி நாணுகின்றனர். தம் பொருட்டு நாணுவாராயினும், தமக்குப் பின் அதே கடையில் வாங்கப்போகும் எளியார் ஒருவர் பொருட்டேனும் அவர் எழுதுதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்நிறுவனத்திற்கு எதிராகச் சான்று கூறியவர் பெருஞ்செல்வர் அல்லர். விளையாட்டொன்றை வாங்கிக் குறை கண்ட வாடிக்கையாளரே. அவர் எழுதி வைத்திருந்த மடல்கள் நீதிமன்றத்திற் சான்றாயின. நம் மாணவ அன்பர்களும் தம் மடல்களைச் செவ்வனே எழுதி, நாளும் எண்ணும் பிறழாது காத்து வைப்பாராக.